விரிசல் விட்ட பாறை... பீறிட்ட எண்ணெய்! மஸ்ஜித் சுலைமான் கிணற்றின் கதை

1908, மே 26. ஈரானின் மஸ்ஜித் சுலைமான் மலைப்பகுதி. ஏழாண்டுத் தேடலில் பணமெல்லாம் கரைந்துவிட்டது. `இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள், இல்லையென்றால் மூட்டை கட்டுங்கள்' என்று பிரிட்டனிலிருந்து கடிதமும் கிளம்பிவிட்டது. அது வந்து சேரும் முன்பே, ஜார்ஜ் ரெனால்ட்ஸ் குழு தோண்டிய கிணற்றில் சுமார் 360 மீட்டர் ஆழத்திலிருந்து எண்ணெய் பீறிட்டது. மத்தியக் கிழக்கின் எண்ணெய்க் கதை அங்கேதான் சூடுபிடித்தது.

பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கி நிற்பதில்லை. இங்கே அது இருந்தது `அஸ்மாரி' என்ற சுண்ணாம்புப் பாறையின் நுண்துளைகளில். அந்தத் துளைகள் ஒன்றோடொன்று சரியாக இணையாதவை. எண்ணெய் வேகமாக வெளியேற வழி கொடுத்தவை விரிசல்கள்தான்.

விரிசல் எப்படி வந்தது? அரேபிய நிலத்தட்டு வடக்கே முட்டித் தள்ள, பாறை அடுக்குகள் மடிந்து ஸாக்ரோஸ் மலைகளாயின. ஈரமாவை வளைத்தால் வளையும். காய்ந்த அப்பளம் உடையும். சுண்ணாம்புப் பாறை அப்பள ரகம். அதன் மேலே இருக்கும் உப்பு, ஜிப்சம் வகை அடுக்குகளோ மாவு ரகம். அவை விரிசல் விடாமல் நெளிந்துகொடுத்து, மூடிபோல எண்ணெயைக் காத்தன.

ஆனால், விரிசல் விட்டால் மட்டும் போதாது. அதற்குள் ஓடும் நீர், சுண்ணாம்புச் சத்தை கால்சைட் படிகமாகப் படியவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, ஏறக்குறைய அதுதான். இதை `சிமென்ட்' என்கிறார்கள் புவியியலாளர்கள் (கடையில் மூட்டையாகக் கிடைப்பதல்ல!).

மெல்லிய விரிசல் என்றால் முழுசாக அடைபட்டுவிடும். அகலமானதில் படிகங்கள் அங்கங்கே தூண்போல நின்று, மேலே இருக்கும் பாறையின் பாரத்தில் விரிசல் மூடிக்கொள்ளாமல் தாங்கவும் செய்யும். அடைப்பதும் அதுவே, திறந்துவைப்பதும் அதுவே. எண்ணெய் முந்திக்கொண்டு வந்து நீரை விரட்டிவிட்டால், படிவது வெகுவாகக் குறையும்.

எப்போது படிந்தது என்பதற்கும் துப்பு உண்டு. படிகம் வளரும்போது பழைய நீரின் துளி, சின்னக் குமிழியோடு உள்ளே சிக்கிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சூடாக்கினால், ஒரு கட்டத்தில் குமிழி மறையும். படிகம் உருவானபோது குறைந்தபட்சம் அவ்வளவு சூடு இருந்திருக்கிறது!

பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்று கொட்டுவதும் ஒன்று சொட்டுவதும் இதனால்தான். விரிசல்கள் பெரும்பாலும் செங்குத்தானவை. நேராக இறங்கும் கிணறு, இரண்டு விரிசல்களுக்கு நடுவே எதையும் தொடாமலே போய்விடலாம். அதனால் சாய்த்துத் தோண்டுகிறார்கள். இன்னொரு சிக்கல், ஆசைப்பட்டு வேகமாக உறிஞ்சினால் அதே விரிசல் வழியாக அடியிலிருக்கும் தண்ணீர் முந்திக்கொண்டு மேலே வந்துவிடும்.