பிள்ளைக்கு எண் இருக்கிறது, பெற்றோருக்கு இல்லை

அமெரிக்கா என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஐ.டி. குடும்பங்கள்தான் நினைவுக்கு வரும். கோழி இறைச்சி ஆலைகளிலும் பழத்தோட்டங்களிலும் உழைக்கும் குடும்பங்களும் அங்கே உண்டு. அந்நாட்டுக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தாயோ தந்தையோ வெளிநாட்டில் பிறந்தவர். அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். ஆனாலும் வறுமையும் இட நெருக்கடியும் இவர்களிடம் கூடுதல். பெற்றோரின் கூலி குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அரசே உண்டாக்குகிறது: பிள்ளைக்குச் சேர வேண்டியதைப் பெற்றோரின் ஆவணத்தைப் பார்த்து அளக்கிறது.

உணவு உதவித் திட்டத்தையே பார்ப்போம். அனுமதியின்றிக் குடியேறிய தாய், தந்தை, அங்கே பிறந்த இரண்டு பிள்ளைகள் என நால்வர் உள்ள வீட்டுக்கு இரண்டு பேர் கணக்கில்தான் உதவி வரும். தகுதியற்ற பெற்றோரின் வருமானமோ கணக்கில் ஏறும். உலை ஒன்றுதான், அதில் பிள்ளையின் அரிசி, தாயின் அரிசி என்று பிரித்தா போட முடியும்? குழந்தைக்கான வரிச்சலுகையிலும் இதே கதை. 2018 முதல் பிள்ளைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் (குடிமக்களுக்கும் வேலை அனுமதி பெற்றவர்களுக்கும் அரசு தரும் எண்) இருந்தால் போதும் என்றிருந்தது. 2025-ல் வந்த சட்டம் பெற்றோரில் ஒருவருக்காவது அந்த எண் வேண்டும் என்றது. குடிமகனான குழந்தை, ஆண்டுக்கு 2,200 டாலர் வரையிலான சலுகையை அதனால் இழக்கிறது.

விதியைவிட அச்சம் அதிகம் பறிக்கிறது. அரசு உதவி பெறுவோருக்கு கிரீன் கார்டு மறுக்க வழிசெய்த விதி 2020-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2018-ல் அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வில், குடியேறிய குடும்பங்களின் பெரியவர்களில் ஏழில் ஒருவர், தாமோ குடும்பத்தாரோ பயந்து உதவியைத் தவிர்த்ததாகச் சொன்னார். குடிமக்களான பிள்ளைகள் பெறும் உதவியை அந்த விதி கணக்கிடவே இல்லை. ஆனாலும் அவர்களின் உதவியையும் நிறுத்திய குடும்பங்கள் உண்டு.

சலுகை கொடுத்தால் அதைத் தேடியே ஆட்கள் வருவார்கள் என்பது எதிர்வாதம். 1996-ல் குடியேறிகளுக்கான உதவிகளைக் கடுமையாக வெட்டிப் பார்த்தார்கள். அனுமதியின்றி வாழ்வோர் தொகை குறையவில்லை. 2007-க்குள் சுமார் 1.2 கோடியாகப் பெருகியது. அவர்களை இழுத்தது வேலை. வரிப்பணம் யாருடையது என்ற கேள்வியும் எழுகிறது. அந்தப் பெற்றோர் கடைகளில் விற்பனை வரி கட்டுகிறார்கள்; பலருக்குச் சம்பளத்திலும் வரி பிடிக்கப்படுகிறது. அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதற்கு மூன்று வயதுப் பிள்ளை பொறுப்பாகாது. ஆவணம் பார்க்காமல் உதவ முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு: கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பால், முட்டை தரும் விக் திட்டம் குடியேற்ற நிலையை நிபந்தனையாக்காமல் 1970களிலிருந்து நடக்கிறது. வரிச்சலுகைக்கும் பிள்ளையின் எண் மட்டும் போதும் என்ற 2024 வரையிலான விதியை நாடாளுமன்றம் திரும்பக் கொண்டுவர வேண்டும்.