தியாகையருக்கு எதிரே ஒரு பெண்மணி

சில வருடங்களுக்கு முன் பேத்தியுடன் திருவையாறு போயிருந்தேன். காவிரிக்கரையில் தியாகையர் சமாதியைத் தரிசித்துவிட்டுத் திரும்பினால், எதிரே அமர்ந்த கோலத்தில் ஒரு பெண்மணியின் சிலை. "யார் தாத்தா இந்தப் பாட்டி?" என்றாள். "நம்ம ஊர்க்காரர்தான்" என்றேன். அவள் நம்பவில்லை!

அவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-ல் நஞ்சன்கூட்டில் தேவதாசி குலத்தில் பிறந்தவர். பெங்களூரில் பாடிப் பெயரெடுத்து, பிறகு சென்னையில் பெரும் புகழும் பொருளும் ஈட்டினார். தியாகையர் சமாதி கவனிப்பாரின்றிக் கிடப்பதை அறிந்து, தம் நகைகளையும் செல்வத்தையும் செலவிட்டுக் கோயில் எழுப்பினார். 1925-ல் குடமுழுக்கு நடந்தது.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! அங்கு நடந்த ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அம்மையார் சளைக்கவில்லை. 1927-ல் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். பிற்பாடு பிரிந்திருந்த கட்சிகள் ஒன்றாயின. பெண்களும் சேர்ந்து பாடலாயினர். 1952-ல் அவர் மறைந்தபின், அவருக்கும் அங்கேயே சமாதி அமைந்தது. அதில்தான் இந்தச் சிலை.

கதையைக் கேட்ட பேத்தி, சிலைக்கு முன் நின்று, பாட்டு வகுப்பில் கற்ற ஒரு கிருதியை மெல்லப் பாடினாள். யாரும் தடுக்கவில்லை.

பெங்களூரில் நம் வீட்டுக் குழந்தைகள் பலர் பாட்டு கற்கிறார்கள். தியாகையர் பெயரைச் சொல்லித் தரும்போது, கூடவே இந்த அம்மையாரின் பெயரையும் சொல்லித் தாருங்கள். அந்தப் பெயரின் முன்பாதி நம் ஊர் அல்லவா!