பருப்பு வேகாத தண்ணீர்

பாலாற்றங்கரை ஊர்களில் ஒரு கிணற்றின் குணத்தை அறிய இரசாயன சாலைக்குப் போக வேண்டுவதில்லை. அந்த வீட்டில் அடுப்பங்கரையில் நிற்கும் அம்மாளைக் கேட்டால் போதும். துவரம் பருப்பு இத்தண்ணீரில் எவ்வளவு நேரத்தில் மலர்கின்றது, அல்லது மலராமலே நிற்கின்றது என்பதைக் கொண்டு அவர் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஜலத்தில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசிய உப்புக்களும் மிகுந்திருந்தால், அவை பருப்பின் தோலோடும் சதையோடும் கூடி அதை இளகவொட்டாமல் செய்கின்றன. பருப்பு வேகவில்லையென்றால் எரிபொருள் விரயமாகின்றது, பொழுது வீணாகின்றது, கடைசியில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டு ஒப்பேற்றும் வழக்கம் வந்துவிடுகின்றது. அந்தச் சோடாவோ பருப்பிலுள்ள தயாமின் என்னும் உயிர்ச்சத்தை அழித்துவிடுகின்றது. ஆகவே கிணறு கெட்டால் தாகத்தோடு காரியம் முடிவதில்லை. உலையிலும் இலையிலும் அதன் கேடு தொடர்கின்றது.

மாதர் நலத்தைப் பற்றி எழுதும் பத்திரிகைகள் யாவும் சொல்லிவரும் யோசனை ஒன்றுண்டு. புழக்கடையில் நாலு கீரைப் பாத்தி போடுங்கள், ஒரு முருங்கை வையுங்கள், துளசியும் தூதுவளையும் கற்பூரவல்லியும் வளருங்கள், பாதி வியாதி வாசற்படி ஏறாது என்பதே அது. நல்ல யோசனைதான். நாமும் அதையே சொல்ல விரும்புகின்றோம். ஆனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி முதலிய ஊர்களில் வசிக்கும் சகோதரி ஒருத்தி, "எந்த ஜலத்தை ஊற்றி வளர்ப்பது?" என்று கேட்பாளாயின், மேற்படி பத்திரிகைகளில் அதற்கு விடை கிடையாது. அந்த விடையைத் தேடுவதே இங்கு நமது நோக்கம்.

முதலில் ஒரு செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வறண்ட மேடுகளில் தானாக முளைத்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையை அறியாத தமிழ்ப் பெண் இல்லை. அதன் பூவைக் காயவைத்துக் கஷாயம் வைப்பார்கள். பாசிப்பயறோடு சேர்த்து அரைத்து உடம்புக்குத் தேய்த்துக் குளிப்பார்கள். பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றோடு வீட்டு இறவாணத்தில் காப்புக் கட்டுவார்கள். ஆவாரை பூத்திருக்குமிடத்தில் சாவு அணுகாது என்னும் கருத்துப்படப் பழமொழியும் வழங்குகின்றது. இதே ஆவாரையின் பட்டையைக் கொண்டுதான் நமது நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு வந்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரே தோல் பதனிடுவோரின் செடி என்னும் பொருளுடையது. பாட்டி வைத்தியத்தில் முதலிடம் பெற்ற கடுக்காயும் அவ்வாறே. வீட்டில் அஞ்சறைப்பெட்டிக்கு அருகிலும், பதனிடுசாலையில் தொட்டிக்கு அருகிலும் அதற்கு இடமிருந்தது. துவர்ப்பு என்னும் ஒரே குணமே மருந்தாகவும் தொழிலாகவும் பயன்பட்டது.

பட்டை முறையில் ஒரு தோல் பதமாவதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். குரோமிய உப்பைக் கொண்டு பதனிட்டால் ஒரு நாளிலேயே வேலை முடியும். சருமமும் மிருதுவாகச் சாயம் ஏற்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரெட் சாட்டர்ட்டன் என்னும் அதிகாரி சென்னையில் இம்முறையைப் பரிசோதித்துக் காட்டினார். எனினும் நீண்டகாலம் நாம் அரைப்பதனிட்ட தோலை லண்டனுக்கு அனுப்பிவிட்டு, அங்கே செய்த ஜோட்டை விலைக்கு வாங்கும் நிலையிலேயே இருந்தோம். அந்த அவமானம் நீங்கவேண்டுமென்று விரும்பிய தேசபக்தர்களுள் நாமும் ஒரு கட்சி. 1948-ஆம் ஆண்டில் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதும், பின்னர் முழுப்பதனிட்ட தோலும் பாதரட்சைகளும் ஆம்பூரிலிருந்தே கப்பலேறத் தொடங்கியதும் நமக்குப் பெருமையான விஷயங்களே. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இத்தொழிலால் பிழைக்கின்றன. ஆம்பூர்ப் பாதரட்சைச் சாலைகளில் காலை மணியடிக்கும்போது உள்ளே நுழைவோரில் ஸ்திரீகளே பெருந்தொகையினர். ஆகையால் தொழிலை இழுத்து மூடிவிட வேண்டும் என்று சொல்லுவோரோடு நாம் சேரமாட்டோம். பழைய முறை மாசற்றது என்று மயங்கவும் வேண்டுவதில்லை. உப்பிட்ட தோலைக் கழுவிய நீரும் சுண்ணாம்புக் குழி நீரும் அன்றும் ஓடையில்தான் விழுந்தன. ஆனால் அளவு பெருகியது, குரோமியம் கூடியது, ஆறோ நீரற்று மணலாகக் கிடந்தது. வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும் கழிவு, மணலுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது.

இதன் வழக்கு வரலாறு சட்டம் பயின்றோர் யாவரும் அறிந்தது. வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கம் 1991-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டில் தொடுத்த மனுவின்மேல், 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் ஜலம் செலவாகின்றதென்றும், தோல் தொழில் நடக்கும் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்றென்றும் அத்தீர்ப்பில் குறிக்கப்பட்டிருக்கின்றது. மாசு செய்தவனே அதன் செலவை ஏற்கவேண்டும். கேடு நிச்சயமாக நிரூபிக்கப்படும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்கவேண்டும். என்னும் இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அன்றுதான் திட்டமாகச் சொல்லப்பட்டது. சட்டக் கல்லூரிகளில் இத்தீர்ப்பைப் படியாத மாணவன் கிடையாது. ஆனால் நம்மை நிறுத்திய வாக்கியம் வேறு. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் எடுத்த கணக்கின்படி 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்று சொல்லிவிட்டு, ஸ்திரீகளும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடக்கவேண்டியிருக்கின்றது என்று அத்தீர்ப்பு கூறுகின்றது. புருஷர்கள் நடப்பதாகக் கூறவில்லை. நீர் கொண்டுவருவது யார் வேலை என்பதை நீதிஸ்தலமும் அறிந்தேயிருந்தது!

தீர்ப்பு வந்தபின்னும் காரியங்கள் முடிந்துவிடவில்லை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையொன்றின் வளவில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட நச்சுக் கழிவு குவிந்து கிடந்தது. 2006-ல் நியூயார்க்கிலுள்ள பிளாக்ஸ்மித் ஸ்தாபனம் உலகில் மிகவும் மாசடைந்த பத்து ஊர்களைப் பட்டியலிட்டபோது ராணிப்பேட்டைக்கும் அதில் இடம் கிடைத்தது. 2015 ஜனவரி 31-ந் தேதி அவ்வூர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். கடைசியாக 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட்டு, இழப்பீடு பெறாத குடும்பங்களுக்குச் சர்க்கார் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாசு செய்தோரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டுமென்றும், நிலைமையைக் கண்காணிக்கக் குழு அமைக்கவேண்டுமென்றும் கட்டளையிட்டது. 1991-ல் பிறந்த பெண் குழந்தைக்கு அப்போது வயது முப்பத்து நான்கை நெருங்கியிருக்கும். அவளும் குடத்தோடு நடந்திருப்பாள்.

நிற்க. வழக்கு நடக்கும் வரையில் உலை கொதியாமல் இராது. இன்றைக்கு வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்லுகின்றோம்.

ஜலத்தைக் காய்ச்சினால் எல்லாத் தோஷமும் போய்விடும் என்ற நம்பிக்கை பரவியிருக்கின்றது. காய்ச்சினால் கிருமிகள் சாகும். உப்பும் குரோமியமும் சாகா. நீர் ஆவியாகக் குறையக் குறைய அவை இன்னும் செறிவாகும். தேற்றாங்கொட்டையை இழைத்துப் போட்டால் கலங்கல் தெளியும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும். முருங்கை விதைப் பொடியும் அவ்விதமே. கண்ணுக்குத் தெளிவாயிருப்பது வேறு, குடிக்கத் தகுந்திருப்பது வேறு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீர் கிடைக்காவிடில் 2,000 வரை பொறுக்கலாம். குரோமியமோ 0.05 மில்லி கிராமைத் தாண்டலாகாது. மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரி நீர் கிடைக்கும் வீடுகளில் அதைக் குடிக்கவும், சோறு வடிக்கவும், பருப்பு ஊறப்போடவும் மட்டும் ஒதுக்கி, கிணற்று நீரைத் துணி துவைப்பதற்கும் பாத்திரம் விளக்குவதற்கும் வைத்துக்கொள்ள வேண்டும். பருப்பை முன்னிரவிலேயே நல்ல நீரில் ஊறவைத்தால் சோடாவுக்கு வேலை இராது. உவர் நீரிலேயே சமைக்க நேரும் வீட்டில், குழம்புக்கும் கீரைக்கும் வழக்கமாகப் போடும் உப்பில் கால் பங்கைக் குறைப்பது இரத்தக் கொதிப்புள்ளவர்களுக்கு மிகவும் அவசியம்.

தோட்டத்திற்கு வருவோம். ஆலைக் கழிவு பாய்ந்த மண்ணிலோ, நீர்நிறம் மாறிய கிணற்றை நம்பியோ கீரை போடவே கூடாது என்பது நமது திட்டமான அபிப்பிராயம். கீரையினம் மண்ணிலுள்ள உலோகங்களை விரைவில் ஏற்கும். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்குகின்றதாகையால் முள்ளங்கி முதலிய கிழங்கு வகைகள் இன்னும் மோசம். அத்தகைய இடத்தில் வேலூர்க் கோட்டைச் சுவர்போல் ஒரு மேடை கட்டவேண்டுமென்பதில்லை. பழைய தொட்டி, தகரம், சிமிட்டிச் சாக்கு எதுவானாலும், ஆற்றுக்கு எட்டாத மேட்டு நிலத்து மண்ணையும் மட்கிய சாணத்தையும் நிரப்பி, அதில் விதைக்கலாம். நமது மாகாணத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேமிப்புக் கட்டாயம். பெரும்பாலோர் அதிகாரிக்குக் காட்டுவதற்காக ஒரு குழாயை இறக்கி வைத்ததோடு சரி. கூரை நீரை ஒரு தொட்டியில் பிடித்துவைத்தால் ஐப்பசி தொடங்கித் தை வரையில் சிறு தோட்டத்துக்குக் கவலையில்லை.

கிணறு உப்பாக இருக்கின்றது, ஆனால் ஆலைக் கழிவு கலவாதது என்று பரிசோதனையில் தெரிந்தால், உப்பைத் தாங்கும் செடிகளாகப் பார்த்து வைக்கலாம். தென்னை தாங்கும், அகத்தி ஓரளவு தாங்கும், தரையில் படரும் பருப்புக்கீரை நன்றாகவே தாங்கும். அவரை, பீன்ஸ் இனங்கள் தாங்கா. உவர் நீரை இலையின்மேல் தெளிக்கலாகாது, இலைநுனி கருகும். வேரடியில், வெயில் தாழ்ந்தபின், அடிக்கடி சிறிது சிறிதாக அல்லாமல் இடைவிட்டு நிறைய ஊற்றவேண்டும். அப்போதுதான் உப்பு வேரைவிட்டுக் கீழே இறங்கும்.

மூலிகைகளில் நொச்சி, ஆடாதோடை, துளசி, கற்பூரவல்லி நான்கும் சளிக்கும் இருமலுக்கும் போதும். இவற்றை ரெயில் பாதையோரத்திலும் ஆலைச் சுவரோரத்திலும் பறித்து வராமல் வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது நலம். மருந்தென்று நச்சைக் குடிக்கலாகாதல்லவா? ஆவாரம்பூக் கஷாயத்தை நம்பி நீரிழிவுக்கு வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவோர் சிலருண்டு. அது தற்கொலைக்குச் சமானம். 1900-ல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கி, 1918-ல் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளியும் திறந்த வேலூரில், ஸ்திரீகள் வைத்தியரைப் பார்க்க நாணுவதற்குக் காரணமே இல்லை.

2019–21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஸ்திரீகளில் நூற்றுக்கு 53 பேர் இரத்த சோகையுள்ளவர்கள். ஆலைக்குச் செல்லும் பெண் காலையில் ஒரு தேநீரோடு புறப்பட்டு, மத்தியானம் ஆறிய சோற்றைப் பிசைந்து தின்று, அதன்மேல் இன்னொரு தேநீர் குடிக்கின்றாள். தேநீரின் துவர்ப்பு ஆகாரத்திலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கும். தோலைப் பதனிடும் அதே துவர்ப்புத்தான் இதுவும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வட ஆர்க்காட்டுக்காரர்களுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியவையல்ல. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லி கிராம் சுண்ணச் சத்து இருக்கின்றது; அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. கீரையை இரும்புச் சட்டியில் வதக்கி, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரும்புச் சத்து நன்கு சேரும். ஆம்பூர்ப் பிரியாணியின் கீர்த்தியைக் குறைத்துச் சொல்ல நமக்குத் தைரியமில்லை. அதனோடு வரும் கத்தரிக்காய்க்குத் தனிக் கீர்த்தி உண்டென்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கின்றது. தொட்டியிலும் அது காய்க்கும்.

இனிச் சர்க்காருக்கு இரண்டு வார்த்தை. குடிநீர்ச் சோதனை முடிவுகள் இன்று அலுவலகக் கோப்புகளில், ஆங்கிலத்தில், உறங்குகின்றன. ஒவ்வொரு தெருக் கிணற்றிலும், கைப்பம்பிலும், அதன் உப்பளவையும் குரோமிய அளவையும் தேதியோடு தமிழில் பலகை எழுதி மாட்டவேண்டும். மழைக்குப் பின் மார்கழியில் ஒரு தடவையும் கோடை முற்றிய சித்திரையில் ஒரு தடவையும் அதைப் புதுப்பிக்கவேண்டும். வேலூர் ஜில்லா 2019-ல் மூன்றாகப் பிரிந்தபின், இது எந்தக் கலெக்டரின் பொறுப்பு என்று கடிதப் போக்குவரத்து நடத்த இடங்கொடுக்கலாகாது. ஆறு மூன்று ஜில்லாவிலும் ஒன்றுதான். இழப்பீட்டுக் கணக்கில் பட்டா யார் பேரில் இருக்கின்றதோ அவருக்கே பணம் என்ற முறையும் திருந்தவேண்டும். நிலம் கெட்டதற்கு ஈடு உண்டு. புழக்கடை கெட்டு, பத்து வருஷம் குடம் சுமந்தவளுக்கு அக்கணக்கில் வரியே இல்லை. கண்காணிப்புக் குழு எதுவாயினும், ஆற்றோரத்தில் குடித்தனம் நடத்தும் ஸ்திரீகளில் இருவரையாவது அங்கத்தினராக நியமிக்கவேண்டும். விஞ்ஞானிகள் மாதிரி நீர் எடுத்துக்கொண்டு போகும் தினத்தில் ஆலைகள் எந்த மதகை அடைக்கின்றன, இரவு எத்தனை மணிக்குத் திறக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும்.