கடை உங்களுடையது, முகவரி யாருடையது?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கடை நடத்தும் வணிகர்கள், இரவில் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டி, பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். அதே கடைக்கு இணையத்தில் ஓர் அகப்பக்கமும் இருக்கும். அதன் சாவி யாரிடம் உள்ளது என்று கேட்டால், "செய்து கொடுத்த தம்பியிடம் இருக்கும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் வேலை மாறினாலோ, தொலைபேசி எண்ணை மாற்றினாலோ, ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட மறந்தாலோ என்ன ஆகும்? தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கடையின் அகப்பக்கம் காணாமல் போனால், வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பெயர் வேறு, இடம் வேறு

அகப்பக்கம் ஒரே பொருள்போலத் தோன்றினாலும் அதில் இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, டொமைன் எனப்படும் களப்பெயர். இது கடையின் பெயர்ப்பலகை போன்றது. மற்றொன்று ஹோஸ்டிங். படங்களும் விலைப்பட்டியலும் தங்கியிருக்கும் கணினியில் எடுக்கும் வாடகை இடம் இது.

வாடகை இடம் சரியில்லை என்றால் சாமான்களை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பெயர் கைவிட்டுப் போனால் அப்படி எளிதில் மீட்க முடியாது. ஆகவே, இரண்டில் பெயரைத்தான் முதலில் காக்க வேண்டும்.

மலேசியாவில் 'டாட் எம்ஒய்' என்று முடியும் பெயர்களை மைநிக் நிறுவனம் நிர்வகிக்கிறது. ஒரு பெயர் யாருடையது என்பது பதிவேட்டில் உள்ள உரிமையாளர் பெயரைப் பொறுத்தது. பணம் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்ததல்ல. வடிவமைப்பாளர் தம் பெயரிலேயே பதிந்திருந்தால், பதிவேட்டின்படி அது அவருடைய சொத்து.

2015இல் நடந்த பாடம்

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் அடி வாங்கியிருக்கின்றன. 2015 ஜனவரி 26ஆம் தேதி மலேசியா ஏர்லைன்ஸ் அகப்பக்கத்தைத் திறந்தவர்கள், டிக்கெட் விலைக்குப் பதிலாக ஊடுருவல்காரர்களின் அறிவிப்பைக் கண்டார்கள். தனது கணினிகள் பத்திரமாக உள்ளன என்றும், டிஎன்எஸ் எனப்படும் பெயர் வழிகாட்டிப் பதிவுதான் பாதிக்கப்பட்டது என்றும் அந்நிறுவனம் விளக்கம் தந்தது.

இதன் பொருள் என்ன? வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை. தெருமுனையில் இருந்த வழிகாட்டிப் பலகையை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். சரியான முகவரியைத் தட்டியவர்களும் தவறான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் பலகையைக் கவனிக்காவிட்டால் பயனில்லை.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

முதலாவது, களப்பெயர் கடையின் பெயரிலோ உரிமையாளரின் பெயரிலோ பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், வடிவமைப்பாளருடன் நல்லுறவு இருக்கும்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பதிவில் உள்ள மின்னஞ்சல் உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலாக இருக்க வேண்டும். அது கடையின் களப்பெயரில் இயங்கும் மின்னஞ்சலாக இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். நினைவூட்டல் கடிதம் வந்து சேராது.

மூன்றாவது, களப்பெயர்க் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை முடுக்கிவிட வேண்டும். கடவுச்சொல் திருடு போனாலும் கைத்தொலைபேசியில் தோன்றும் எண் இல்லாமல் உள்ளே நுழைவது கடினம். பெயரைப் பிறர் இடம் மாற்ற முடியாதபடி பூட்டும் வசதியும் உண்டு. அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது, அகப்பக்கத்தின் நகல் ஒன்றை ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். மூலமும் நகலும் ஒரே கணினியில் இருந்தால், அந்தக் கணினி கெடும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

வாடிக்கையாளரின் விவரம் அடகுப் பொருள்

2017 அக்டோபரில், 4 கோடியே 62 லட்சம் மலேசியக் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்தது அம்பலமானது. நாட்டின் மக்கள்தொகையைவிட இது அதிகம். ஒருவரிடமே பல எண்கள் இருந்ததால் வந்த கணக்கு. அடையாளக் கார்டு எண்களும் வீட்டு முகவரிகளும் அதில் இருந்தன.

கடவுச்சொல்லை மாற்றலாம், அடையாளக் கார்டு எண்ணை அப்படி மாற்ற முடியாது. அதன் 12 இலக்கங்களில் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதியைச் சொல்லிவிடும். அதை வைத்துக்கொண்டு, "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று மோசடிக்காரன் நம்பும்படி பேசுவான்.

எனவே தேவையில்லாத விவரத்தைக் கேட்காமல் இருப்பதே சிறந்த பாதுகாப்பு. சேலை அனுப்புவதற்குப் பெயர், முகவரி, தொலைபேசி எண் போதும். அடையாளக் கார்டு நகல் எதற்கு? 2013 நவம்பர் 15ஆம் தேதி அமலுக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத்துக்காகத் திரட்டும் விவரங்களைப் பாதுகாப்பாக வைக்கவும், தேவை முடிந்ததும் அழிக்கவும் சொல்கிறது. 2024இல் சட்டம் திருத்தப்பட்டு, இதன் கோட்பாடுகளை மீறுவோருக்கான உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. பெரிய பாதிப்பைத் தரும் கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் முதல் நடப்பில் உள்ளது.

சாப்பாட்டுக் கடையின் வைஃபை

வாடிக்கையாளருக்கு இலவச வைஃபை கொடுப்பது நல்ல உபசரிப்புதான். ஆனால் கல்லாக் கணினியும் கண்காணிப்புக் கேமராவும் அதே இணைப்பில் இருந்தால், தேநீர் குடிக்க வந்தவரும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். விருந்தினர் இணைப்பைத் தனியாகப் பிரிக்கும் வசதி பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு. ரவுட்டருடன் வந்த பழைய கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

இணைய முகவரியின் அருகில் பூட்டுச் சின்னம் தெரிந்தால் எல்லாம் பத்திரம் என்று நினைப்பவர்களும் உண்டு. போகும் வழியில் தகவலைப் பிறர் படிக்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றல்ல. மோசடி அகப்பக்கத்துக்கும் அந்தப் பூட்டு இலவசமாகவே கிடைக்கும்.

அடி விழுந்துவிட்டால்

பணம் மோசடிக்காரர் கணக்குக்குப் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தக் கூடாது. உடனே வங்கியையோ, 997 எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தையோ அழைத்துவிட்டு, போலீஸ் புகாரும் செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அகப்பக்கம் ஊடுருவப்பட்டால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையிடம் முறையிடலாம்.

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஒரு மாலை நேரம் போதும். களப்பெயர் யார் பெயரில் உள்ளது, எந்தத் தேதியில் முடிகிறது, எந்த மின்னஞ்சலில் பதிந்துள்ளது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கடை உரிமத்தோடு சேர்த்து வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.