கோட்டைக்கு முந்திய ஊர்

செஞ்சி என்றதும் ராஜகிரிக் கோட்டையும் 1677-இல் அதைக் கைப்பற்றிய சிவாஜியும் நினைவுக்கு வருவது இயல்பு. கோட்டையால்தான் இப்பகுதியில் குடிகள் பெருகின என்ற எண்ணமும் அப்படியே வந்துவிடுகிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரம் அந்த எண்ணத்தை மறுக்கிறது. இங்குள்ள குன்றில், ஒரே பாறையில் பள்ளிகொண்ட அரங்கநாதரின் குடைவரை பல்லவர் காலத்தது. அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்களும், சமணத் துறவி சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டும் உள்ளன. அதன் எழுத்து வட்டெழுத்தின் தொடக்க நிலையைச் சேர்ந்தது. செஞ்சியில் கோட்டை எழுந்தது இவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர்.

துறவிகள் தனிமையைத் தேடித்தானே குன்றேறுவார்கள், அது ஊர் இருந்ததற்குச் சான்றாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சமணத் துறவி தனக்கென உலை வைப்பதில்லை. இல்லறத்தார் இடும் உணவே அவர் உணவு. நடந்து போகும் தொலைவில் விளையும் வயலும் சோறிடும் வீடும் இல்லாமல் அந்தக் குன்றில் தங்கியிருக்க முடியாது. அரங்கநாதருக்கும் நாள்தோறும் அமுதுபடி வேண்டும். அந்த விளைச்சலுக்கு நீர் தந்தவை இந்தப் பாறைக் குன்றுகளே. வெறும் பாறை மழையை உறிஞ்சாது; ஐப்பசி, கார்த்திகை மழை சரிவில் வழிந்து இறங்குகிறது. அதைக் கரைகட்டித் தேக்கினால் ஏரி. தாழ்வில் நெல், மேட்டில் மானாவாரி. பின்னாளில் கோட்டையைக் கட்டியவர்கள் மலைக்குள் சுனைகளையும் குளங்களையும் பேணியதும் இதே மழையை நம்பித்தான். இன்று கிணறுகளும் மின்மோட்டார்களும் வந்துவிட்டன. ஆனாலும் ஏரி நிரம்பாத ஆண்டில் கிணற்றிலும் நீர் இறங்கிவிடுகிறது. அதனால் ஏரிகளுக்கு நீர் வரும் கால்வாய்களைத் தூர்வாரி வைப்பதும் இந்தக் குடைவரையைக் காப்பதும் ஒரே மரபைக் காக்கும் வேலைகள்.