மாலத்தீவு போறீங்களா? ஸ்பீட்போட்டில் ஏறும் முன் மாலேவுக்கு ஒரு நாள் கொடுங்க!

மாலத்தீவு என்றதும் நம்ம கண் முன்னால் வருவது தண்ணீர் மேல் நிற்கும் வில்லா, நீலக் கடல், கடலுக்குள் தொங்கும் ஊஞ்சல். விமானத்தில் இருந்து இறங்கி, பெயர்ப் பலகை பிடித்து நிற்பவரைக் கண்டுபிடித்து, ஸ்பீட்போட்டில் ஏறினால் நேராக ரிசார்ட்தான். போகிற வழியில், கடலில் இருந்தே முளைத்தது போல கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தீவு தெரியும். பலரும் அதை ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். அதுதான் தலைநகர் மாலே.

அந்தத் தீவின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான். அரை மணி நேரத்துக்குள் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு நடந்துவிடலாம். ஆனால் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் 5.15 லட்சம் மக்களில் 41 சதவீதம் பேர் மாலேவிலும், அதோடு சேர்ந்த ஹுலுமாலே, வில்லிமாலே பகுதிகளிலும்தான் வசிக்கிறார்கள். சுமார் 1,200 தீவுகள் கொண்ட நாட்டில் இவ்வளவு பேர் ஏன் இங்கே? பெரிய மருத்துவமனை, மேற்படிப்பு, அரசு வேலை எல்லாம் இங்கேதான் குவிந்திருக்கின்றன.

ஏன் யாரும் மாலேவைப் பார்ப்பதில்லை?

மாலத்தீவின் சுற்றுலா அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. முதல் ரிசார்ட் 1972-ல் திறக்கப்பட்டது. அதன் பெயர் குரும்பா. திவேஹி மொழியில் இளநீர்க்காய் என்று அர்த்தம். நம்ம ‘குரும்பை’ ஞாபகம் வருதா?

அதன் பிறகு ‘ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்’ என்பதே வழக்கமானது. சுற்றுலாப் பயணி ஒரு தீவில், உள்ளூர் மக்கள் வேறு தீவுகளில். மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ்களுக்குப் பரவலாக அனுமதி கிடைத்தது 2009-க்குப் பிறகுதான். அதனால் நாட்டின் அன்றாட வாழ்க்கையைப் பார்க்காமலேயே ஒருவர் பத்து முறை மாலத்தீவு போய் வர முடியும்.

எப்படிப் போவது?

ரொம்ப சுலபம். வெலானா சர்வதேச விமான நிலையம் மாலேவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹுலுலே தீவில் இருக்கிறது. படகில் ஏறினால் 10 நிமிடம்தான். சீன உதவியுடன் கட்டப்பட்டு 2018-ல் திறக்கப்பட்ட சினமாலே பாலம் வழியாக பஸ், டாக்ஸியும் உண்டு. பெட்டிகளை விமான நிலையத்தில் கட்டணம் கொடுத்து வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு கிளம்பலாம். ஊருக்குள் போனதும் கால் நடைதான் வசதி. சந்துகளில் ஸ்கூட்டர்கள் மட்டும் ஜாக்கிரதை!

பவளக்கல்லில் ஒரு பள்ளிவாசல்

முதலில் பார்க்க வேண்டியது ஹுகுரு மிஸ்கி என்ற பழைய ஜும்ஆ பள்ளிவாசல். 1658-ல் சுல்தான் முதலாம் இப்ராஹிம் இஸ்கந்தர் கட்டியது. மலை இல்லாத ஊரில் கல்லுக்கு எங்கே போவது? கடலில் இருந்து பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். ஈரமாக இருக்கும்போது அது மென்மையாக இருக்கும், செதுக்கலாம். காய்ந்ததும் இறுகிவிடும். அந்தக் கற்களைக் காரை பூசாமல், ஒன்றோடு ஒன்று கோத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவர் முழுக்க நுணுக்கமான செதுக்கல்கள்.

இன்னொரு சுவாரசியம். கட்டடம் மேற்கு நோக்கி இருக்கிறது. ஆனால் மெக்கா இருப்பது வடமேற்கில். அதனால் உள்ளே தொழுகை வரிசை கட்டடத்துக்குக் கோணலாக அமைகிறது. 1153-ல் இஸ்லாத்தைத் தழுவுவதற்கு முன்பு இங்கிருந்த கோயிலின் அடித்தளத்தின் மேல் இது எழுப்பப்பட்டது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக அனுமதி கேட்க வேண்டும். வெளியில் இருந்து பார்த்தாலே போதும், நேரம் போவது தெரியாது.

மீன் சந்தையும் நம்ம மாசியும்

வடக்குக் கரையோரத்தில் மீன் சந்தை. பிற்பகலில் தோணிகள் திரும்பும் நேரத்துக்குப் போனால் கூட்டம் களைகட்டும். குவியல் குவியலாகச் சூரை மீன். இங்கே சூரையை வலை வீசிப் பிடிப்பதில்லை. கழியும் தூண்டிலும் வைத்து ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள்.

அந்தச் சூரையை வேகவைத்து, புகையில் இட்டு, வெயிலில் காயவைத்தால் கட்டை போல இறுகிவிடும். அதுதான் நம்ம ஊர் கருவாட்டுக் கடைகளிலும் இலங்கைச் சமையலிலும் உள்ள மாசி. திவேஹியில் மீனுக்கு ‘மஸ்’ என்று பெயர்.

காலையில் போனால் ‘மஸ் ஹுனி’ கேளுங்கள். மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை கலந்து பிசைந்தது. தொட்டுக்க ரொஷி, அதாவது சப்பாத்தி. மாலையில் டீக்கடைகளில் மீனும் தேங்காயும் உள்ளே வைத்துப் பொரித்த குல்ஹா கிடைக்கும்.

கடலைத் தடுக்கும் சுவர்

கரையோரமாக நடந்தால் நான்கு கால் நீட்டிய பெரிய கான்கிரீட் கட்டைகள் அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். அவற்றின் பெயர் டெட்ராபாட். அந்தக் கட்டைகளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

பவளத்திட்டுதான் தீவுக்கு இயற்கையான அரண். அலை அதில் மோதி உடைந்து, வலுவிழந்துதான் கரைக்கு வரும். இடம் போதாமல் அந்தத் திட்டின் ஓரம் வரை மண்ணைக் கொட்டி மாலேவை விரித்தார்கள். அரண் போய்விட்டது. 1987 ஏப்ரலில் பேரலைகள் ஊருக்குள் புகுந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் மௌமூன் அப்துல் கயூம் ஐ.நா. பொதுச் சபையில் கடல்மட்ட உயர்வைப் பற்றி உலகத்தை எச்சரித்தார். பிறகு ஜப்பான் நிதியுதவியுடன் இந்தத் தடுப்புகள் எழுந்தன. 2004 சுனாமியில் தண்ணீர் ஊருக்குள் வந்தாலும், பாதிப்பு மோசமாகாமல் தடுத்ததில் இவற்றுக்குப் பங்கு உண்டு.

நாட்டின் நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் கடல் மட்டத்தில் இருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. அதனால் இந்தச் சுவர் மாலேக்காரர்களுக்கு வாழ்வா சாவா பிரச்சினை.

சுற்றிலும் தண்ணீர்... குடிக்க?

மாலேவில் ஆறு, ஏரி எதுவும் கிடையாது. ஒரு காலத்தில் கிணற்று நீர் போதுமாக இருந்தது. மக்கள் பெருகப் பெருக நிலத்தடி நீர் உப்பாகி, அசுத்தமானது. இப்போது குழாயில் வருவது சுத்திகரித்த கடல் நீர்.

2014 டிசம்பர் 4-ம் தேதி அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீ விபத்து. சுமார் 1 லட்சம் பேருக்குக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. இந்தியா விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. ஹோட்டல் அறையில் ஷவரைத் திறக்கும்போது இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

குப்பைக்கும் இதே இடப் பிரச்சினைதான். மாலேவின் குப்பை 1990-களில் இருந்து திலாஃபுஷிக்குப் போகிறது. கடற்கழியில் குப்பையைக் கொட்டியே உருவான தீவு அது.

இடம் தீர்ந்துபோனால்?

புதிதாக ஒரு தீவைச் செய்ய வேண்டியதுதான்! பாலத்தைத் தாண்டினால் ஹுலுமாலே. 1997-ல் கடலை நிரப்பத் தொடங்கி, 2004-ல் மக்கள் குடியேறினார்கள். சுமார் 2 மீட்டர் உயரத்துக்குக் கட்டியதால், இயற்கைத் தீவுகளைவிடப் பாதுகாப்பானது என்கிறார்கள். அகலமான சாலை, அடுக்குமாடிகள், நீளமான கடற்கரை எல்லாம் உண்டு.

ஆனால் கடலை நிரப்ப மணல் எடுக்கும்போது பவளத்திட்டும் பாதிக்கப்படுகிறது. கடலுக்குப் பயந்து நிலத்தை உயர்த்தினால், கடலைத் தடுக்கும் இயற்கை அரணை இழக்க வேண்டியிருக்கிறது. மாலேவில் 1987-ல் பார்த்த அதே சிக்கல்தான். இதற்கு இன்னும் எளிதான விடை யாரிடமும் இல்லை.

போகும் முன் கவனிக்க...

* இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டாம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும்.

* மது ரிசார்ட்டில் கிடைக்கும். மாலேவில் கிடையாது, நாட்டுக்குள் கொண்டுபோகவும் முடியாது.

* தோளும் முழங்காலும் மூடும் உடை நல்லது. பிகினியை ரிசார்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

* வெள்ளி, சனி வார விடுமுறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடியும் வரை பல கடைகள் திறக்காது.

* ஒரு டாலருக்கு அதிகாரபூர்வ மதிப்பு சுமார் 15.4 ருஃபியா. டீக்கடைக்குக் கொஞ்சம் ருஃபியா வைத்திருங்கள்.

* நேரம் இருந்தால் படகில் வில்லிமாலே போய் வாருங்கள். சில நிமிடப் பயணம்தான், மாலே இரைச்சலுக்கு நேரெதிர்.

ரிசார்ட்டில் உங்களுக்குக் காபி கொண்டுவருபவரின் வீடு மாலேவில் ஒரு மாடிப்படி ஏறிப்போகும் சின்ன ஃப்ளாட்டாக இருக்கலாம். ஒரு நாள் இந்தத் தெருக்களில் நடந்துவிட்டுப் போனால், அவரிடம் பேச உங்களுக்கு விஷயம் இருக்கும்.