புயலுக்கு லீவு கிடையாது... பஞ்சாயத்துக்கு?

புயல் அடித்தால் முதலில் பறப்பது கூரை. அடுத்துப் பறப்பது ரேஷன் கார்டு. மூன்றாவதாக, யார் கண்ணிலும் படாமல் ஒன்று பறக்கும். 'இந்த வீட்டில் இன்னார் இருந்தார்' என்று எழுதி வைத்திருக்கும் ரிஜிஸ்டர்! கூரைக்கு நிவாரணம் உண்டு. கார்டுக்கு டூப்ளிகேட் உண்டு. ரிஜிஸ்டரும் போய், அதை எழுதின ஆளும் இல்லையென்றால்? அரிசி மூட்டையோடு லாரி வந்து நிற்கும். யாருக்குக் கொடுப்பது என்று பாவம், லாரிக்குத் தெரியாது.

இதை யோசிக்க உச்சிப்புளியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் பஸ் ஏறினால் மண்டபத்துக்கு முன்னால் வரும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மண்டபம் யூனியன் ஆபீஸ் மண்டபத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. (மண்டபத்தில் இறங்கித் தேடினால் திரும்பி வர இன்னொரு டிக்கெட் எடுக்கணும்!) பாம்பன், தங்கச்சிமடம் உள்பட இருபதுக்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கு இதுதான் தலைமையிடம்.

இந்தக் கரைக்குப் புயல் புதுசில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி போனது. ஸ்டேஷன், போஸ்டாபீஸ், கஸ்டம்ஸ், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே ராத்திரியில் காலி. பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலைக் கடல் விழுங்கியது. டிக்கெட் எடுத்தவர்கள் நூறு பேருக்கு மேல் என்று கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் எத்தனை பேர்? எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. செத்தவர்களிலும் கணக்கில் வந்தவர், வராதவர் என்று இரண்டு ஜாதி!

சேதமான பாம்பன் பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே கொடுத்த கெடு 6 மாதம். இ. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயர் 46 நாளில் முடித்துக் காட்டினார். பாலம் எழுந்தது. தனுஷ்கோடி எழவே இல்லை. 'வாழத் தகுதியற்ற இடம்' என்று அரசாங்கம் அறிவித்தது, அதோடு சரி. இரும்பை நிமிர்த்திவிடலாம் சார், ஊரை நிமிர்த்துவதுதான் கஷ்டம்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு எதையும் ஆபீஸ் கணக்கில்தான் பார்க்கத் தெரியும். மானேஜர் லீவில் போனால் 'இன்சார்ஜ்' யார் என்று சர்க்குலர் வரும். கேஷியர் வராவிட்டால் பீரோ சாவி யாரிடம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். நாலு மேஜை, ஆறு நாற்காலி போட்ட கம்பெனிக்கே இத்தனை ஜாக்கிரதை. ஊராட்சிக்கு?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. அந்த நேரத்தில் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் ஒரு தலைவர் கூடக் கிடையாது! 2016 அக்டோபரிலேயே பதவிக்காலம் முடிந்திருந்தது. இடஒதுக்கீடு விவகாரத்தில் வழக்கு, தேர்தல் ரத்து. கடைசியில் ஓட்டுப் போட்டது 2019 டிசம்பரில். மூன்று வருஷத்துக்கு மேல் 'தனி அலுவலர்' ராஜ்யம். பி.டி.ஓ. ஒருத்தர் தலையில் யூனியனில் உள்ள அத்தனை ஊராட்சியும்.

இன்னொரு வேடிக்கை. 2005-ம் வருஷப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர். மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். ஆளே இல்லாத வருஷத்தில் அந்த நாற்காலியில் யார் உட்காருவது? புயல் வேண்டுமானால் உட்காரலாம்.

உச்சிப்புளி டீக்கடையில் ஒரு பெரியவர், ரிட்டயர்டு யூனியன் ஊழியர், எனக்குப் பாடம் நடத்தினார்.

"தம்பி, பி.டி.ஓ. நல்லவரா கெட்டவரான்னு கேக்காதீக. அவருக்கு எத்தனை ஊருன்னு கேளுங்க. பிரசிடென்ட்டுன்னா ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டலாம். எந்த வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா, எந்த வீட்டுல நடக்க முடியாத கிழவி இருக்கா, எல்லாம் அவருக்கு அத்துபடி. ஓட்டுக் கேக்க அத்தனை வீட்டுப் படியும் ஏறுனவராச்சே!"

பிரசிடென்ட் எல்லாரும் அரிச்சந்திரன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. நிவாரண லிஸ்ட்டில் மச்சான் பெயரை முதலில் எழுதுகிறவரும் உண்டு. ஆனால் அவரைத் தெருவில் நிறுத்திக் கேட்கலாம். அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். தனி அலுவலரை? டிரான்ஸ்ஃபரில் அவரே போய்விடுவார்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2024 ஜூலை 30-ல் வயநாடு மேப்பாடி ஊராட்சியில் நிலச்சரிவு. உடல் கிடைக்காதவர்கள் பலர். காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி 7 வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை பி.எஃப். கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது, நிவாரணமும் இழுபறி. கேரள அரசு 2025 ஜனவரியில் உள்ளூர் அளவிலேயே ஒரு குழு போட்டது. ஊராட்சிச் செயலர், கிராம அதிகாரி, போலீஸ் ஸ்டேஷன் அதிகாரி. காணாமல் போனவர் பட்டியலை முதலில் சரிபார்ப்பது இந்த மூன்று பேர். டில்லிக்குத் தெரியாத முகம் ஊராட்சி ஆபீஸுக்குத் தெரியுமே!

நம் பக்கம் வருவோம். 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அப்போது பக்கத்து ஊராட்சிகளில் தலைவர்கள் இருந்தார்கள். 2025 ஜனவரி 5-ல் ராமநாதபுரம் உள்பட 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு மறுபடி தனி அலுவலர் கைக்குப் போனது. நடுவில் சரியாக 46 நாள். அன்று பாம்பன் பாலம் எழுந்த அதே கணக்கு! மழை கொஞ்சம் தாமதித்திருந்தால்?

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. ஊராட்சி ரிஜிஸ்டருக்கு ஒரு நகல், கடல் தண்ணி எட்டாத ஊரில் இருக்கட்டும். வார்டுக்கு ஒரு 'இன்சார்ஜ்' பெயரை மழைக்காலத்துக்கு முன்னால் எழுதி ஒட்டட்டும். அஞ்சு வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்தணும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது, நடத்தட்டும்.

அடுத்த தடவை லீவில் ஊருக்குப் போகும்போது பஞ்சாயத்து ஆபீஸுக்குள் எட்டிப் பாருங்கள். சுவரில் இதுவரை இருந்த தலைவர்கள் பெயர், வருஷத்தோடு போர்டில் இருக்கும். நடுவில் எந்த வருஷம் விட்டுப் போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் புயல் வந்ததா என்று வீட்டில் பாட்டியைக் கேளுங்கள். பாட்டிக்குக் கட்டாயம் ஞாபகம் இருக்கும்.